களஞ்சியமும் திறப்பும்

ஒரு பொருளைப் பேணி வைத்தல் வேறு; வேண்டியபோது அதனை எடுத்துப் பயன்கொள்ள இயலுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதாலேயே பல இல்லங்களின் நினைவுச் செல்வங்கள் அழியாதிருந்தும் எட்டாதவையாகி விடுகின்றன. ஒலிநாடாவும் ஒளிநாடாவும் வழக்கொழிந்து, குரலும் படமும் வன்றட்டுக்களிற் குடியேறிவிட்ட இக்காலத்தில் இவ்வேறுபாடு பெரிதும் மனங்கொள்ளத்தக்கது.

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. குடும்பத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பட்டிமன்றங்களிலும் கோயில் மேடைகளிலும் தாம் ஆற்றிய உரைகளை ஏறத்தாழ 40 ஆண்டுகளாக ஒலிநாடாவிற் பதிந்து வைத்திருந்தார். வங்கியொன்றிற் பணிபுரியும் இளைய மகன் அவற்றைக் கணினிக்கு மாற்றினான். ரொறன்ரோவில் நடந்த தமையனின் திருமண ஒளிப்பதிவையும் குடும்பப் படங்களையும் அவற்றோடு சேர்த்து, கடையில் ஆயத்தமாக விற்கப்படும் சேமிப்புப் பெட்டியொன்றில் இட்டான். ‘நாஸ்’ என வழங்கும் இப்பெட்டி இரு வன்றட்டுக்களைத் தன்னுள் அடக்கி, வீட்டு வலையமைப்பில் இணைந்து, தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் வேண்டியவற்றை வழங்குவது. ஒரு வட்டில் எழுதப்படுவது மற்றதிலும் எழுதப்படுமாதலால், ஒன்று பழுதடையினும் மற்றது காக்கும் என்பது நம்பிக்கை. அந்நம்பிக்கையில் நாடாக்கள் குப்பைக்குப் போயின.

பழுதடைந்தவை வட்டுக்கள் அல்ல, பெட்டியே. தந்தையார் காலமாகி, அந்தியேட்டியன்று அவர் குரலை உறவினர் கேட்க வேண்டுமென விரும்பியபோது, பெட்டியின் மின்சுற்றுப் பலகை உயிரற்றுக் கிடந்தது. வட்டுக்களைக் கழற்றி வீட்டிலிருந்த விண்டோஸ் கணினியில் இணைத்தால், அக்கணினி அவற்றின் ஒழுங்கமைப்பை அறியாது, வெறுமையாக்கிப் புதிதாக ஒழுங்குபடுத்தவா என்று வினவியது. ‘ஆம்’ என்னும் ஒரு சொல்லில் 40 ஆண்டுகள் மறைந்திருக்கும். மகன் அதனை அழுத்தவில்லை. பின்னர் லினக்ஸ் அறிந்த நண்பர் ஒருவரின் கணினியில் அனைத்தும் ஒரு மாலைப்பொழுதிற் திறந்துகொண்டன. ஆயினும் அந்தியேட்டி கழிந்துவிட்டது.

ஆயத்தப் பெட்டிகளின் சிறப்புக்களை மறுப்பதற்கில்லை. அவை குறைந்த மின்சாரத்தில் ஓசையின்றி இயங்குவன. நுட்பம் அறியாதவர்க்கும் உதவுவன. எனினும், விற்றவரின் கை விற்பனையோடு விலகிவிடுவதில்லை. 2024இல் சினோலஜி நிறுவனம் தன் முறைமையின் புதிய பதிப்பிலிருந்து ‘வீடியோ ஸ்ரேசன்’ என்னும் படங்காட்டும் மென்பொருளையே நீக்கிவிட்டது. கை முற்றாக விலகினாலும் இடர் உண்டு. வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனம் 2015இன் பின் கவனியாது விட்ட ‘மை புக் லைவ்’ பெட்டிகள் பல, 2021 ஜூனில் இணையத்தின் வழி வந்த தாக்குதலால் ஒரே நாளில் வெறுமையாயின.

இவற்றையெல்லாம் அறிந்த மகன் மீண்டும் ஒரு பெட்டியை வாங்கவில்லை. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில், அலுவலகமொன்றிற் பயன்பட்டுக் கழிந்த மேசைக் கணினி ஒன்றையும் புதிய வன்றட்டுக்கள் இரண்டையும் வாங்கினான். பணிசெயல் முறைமையாக டெபியனையும், படங்களையும் ஒலிகளையும் வழங்குவதற்கு ஜெலிஃபின் என்னும் கட்டற்ற மென்பொருளையும் நிறுவினான். எம்பி என்னும் மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, அதிலிருந்து 2018இற் கிளைத்தது ஜெலிஃபின். 2011 முதல் இன்ரெல் செயலிகள் பலவற்றில் ஒளிப்பட உருமாற்றத்திற்கெனத் தனிப்பகுதி அமைந்திருப்பதால், பழைய செயலியே இப்பணிக்குப் போதுமானதாயிற்று. இடைவிடாது 30 வாற்று இழுக்கும் பொறி மாதத்திற்கு ஏறத்தாழ 22 அலகு மின்சாரத்தை உண்ணும். அது கொடுக்க வேண்டிய விலை. 2022இல் 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டைக் கண்ட வீடாகையால் யூ.பி.எஸ். ஒன்றும் சேர்ந்தது.

இரட்டை வட்டின் இயல்பும் அப்போதே தெளிவாயிற்று. 1988இல் பேர்க்லி ஆய்வாளர் பற்றர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் வெளியிட்ட ‘றேட்’ முறை, வட்டுப் பழுதினால் வேலை தடைப்படாதிருக்க எழுந்தது. தவறுதலாக ஒன்றை அழித்தால் இரு வட்டுக்களிலும் அது அக்கணமே அழியும். ஆகவே மாதந்தோறும் தனி வட்டொன்றிற் பிரதியெடுக்கப்பட்டது. மற்றொரு பிரதி யாழ்ப்பாணத்தில் தமக்கையின் வீட்டிற்குச் சென்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பலாயின. ஓரிடத்தில் மட்டும் இருப்பது எத்துணை நிலையற்றது என்பதை அந்நகரத்தவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இத்துடன் சிக்கல் தீர்ந்ததெனல் பொருந்தாது. மகனுக்கு டோஹாவில் வேலை கிடைத்தது. பயணத்துக்கு முன் வீட்டிற்கு வந்த தமக்கை கேட்டாள்: “தம்பி, நீ இல்லாத நேரம் இது நிண்டு போனா நாங்கள் ஆரிட்டைப் போறது?”

அவனிடம் விடையில்லை. முன்பு ஒரு கம்பனியின் விருப்பிற்குக் கட்டுப்பட்டிருந்த களஞ்சியம் இப்போது ஒருவனின் அறிவிற்கு மட்டுமே கட்டுப்பட்டிருந்தது. திறப்பு கைமாறியதேயன்றி, வீட்டாரிடம் வந்து சேரவில்லை. கம்பனிக்காவது தொலைபேசி இலக்கம் உண்டு.

பயணத்திற்கு முந்திய வாரம் முழுவதும் அவன் ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதினான். பொறியை இயக்குவதும் நிறுத்துவதும் எவ்வாறு, எந்த வட்டில் எது உள்ளது, கடவுச்சொற்கள் எவை, பொறி முற்றாகப் பழுதடைந்தால் வட்டுக்களை எத்தகைய கணினியில் இணைத்துத் திறக்கலாம் என்பனவெல்லாம் அதிலே இடம்பெற்றன. பின்னர் பொறியை நிறுத்திவிட்டுக் கொப்பியைத் தாயிடம் கொடுத்து, வாய்திறவாது அருகில் நின்றான். மூன்றாம் பக்கத்தில் ‘மீள்தொடக்கம்’ என்ற சொல்லில் தாய் தடைப்பட்டார். அவன் அதனை வெட்டி, ‘நிற்பாட்டித் திரும்பப் போடவும்’ என்று எழுதினான். சிறிது நேரத்தில், உரைக்கு முன் தந்தையார் வழக்கமாகச் செய்யும் தொண்டைக் கனைப்பு அறையில் ஒலித்தது.

பொறியை ஒன்றுசேர்க்க ஒரு வார இறுதி போதுமாயிருந்தது. அதனைப் பிறர் கையில் ஒப்படைக்க ஒரு வாரம் வேண்டியிருந்தது. அவ்வீட்டில் நிகழ்ந்த உண்மையான மாற்றம் பின்னைய வாரத்திலேயே நிகழ்ந்தது எனலாம்.