மகனுக்கா, மாஸ்டர்?

"மகனுக்கா, மாஸ்டர்?"

கல்முனையில் விளையாட்டுச் சாமான் கடையொன்றில், கண்ணாடி அலுமாரிக்குள் நிறுத்தி வைத்திருந்த துடுப்புகளைப் பார்த்துக்கொண்டு நின்ற என்னிடம் கடைக்காரர் கேட்ட கேள்வி இது. 2024 மே மாதம். நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு மாதம் இருக்கும். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. முன்தலை வெளுத்து, மூக்குக் கண்ணாடி போட்டு, சட்டைப் பையில் சிவப்புப் பேனையோடு நிற்கும் ஒருவனைப் பார்த்து அவர் வேறு என்னதான் கேட்பார்?

"ஓம்" என்றேன்.

எனக்கு மகன் இல்லை. மூன்று பிள்ளைகளும் பெண்கள்.

எங்கள் ஊர் கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. சிறு வயதில் எங்களுடைய துடுப்பு தென்னை மட்டையில் செதுக்கியதுதான். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து உலகக் கிண்ணத்தை வென்று தந்த இரவில், ஒரேயொரு தொலைக்காட்சிக்கு முன்னால் பாதி ஊரே குந்தியிருந்தது. மறுநாள் வயல்வெளியில் எல்லோரும் அரவிந்த. எங்கள் மட்டைகளின் பாரம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்டதில்லை. கையில் கிடைத்ததைப் பிடித்தோம், வந்த பந்தை அடித்தோம்.

கடினப் பந்தை முறையாக எதிர்கொள்ளப் பழகியது அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில்தான். விடுதியில் என்னோடிருந்த நண்பர் ஒருவர் பயிற்சி முடிந்து போகும்போது, தான் பாவித்த துடுப்பை என் கட்டிலின் மேல் வைத்துவிட்டுப் போனார். அதைப் பதினெட்டு வருடங்கள் பாவித்தேன். எத்தனை தரம் டேப் சுற்றினேன், எத்தனை தரம் பிடியின் இறப்பரை மாற்றினேன் என்று கணக்கில்லை. வருடத்தில் ஒரு தரம் நடக்கும் ஆசிரியர் அணிக்கும் பழைய மாணவர் அணிக்குமான போட்டி, இடையிடையே ஊர்க் கழகத்தில் ஆள் குறைந்தால் ஒரு அழைப்பு. இவ்வளவுதான் என்னுடைய கிரிக்கெட். அந்தத் துடுப்பு 2024 தொடக்கத்தில் அடிநுனியிலிருந்து மேல்நோக்கிப் பிளந்துவிட்டது. தச்சு வேலை செய்யும் உறவினரிடம் கொண்டுபோனேன். "இனி இது விறகுதான் மச்சான்" என்றார்.

அப்படித்தான் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைவிட மூத்தவர், தொழில் தெரிந்தவர். இரண்டு துடுப்புகளை மேசையில் வைத்து விளக்கினார். இரண்டும் வில்லோ மரம்தான். ஒன்று கஷ்மீரில் வளர்ந்தது, மற்றது இங்கிலாந்தில் வளர்ந்தது. கஷ்மீர் மரம் இறுக்கமானது, பெரும்பாலும் பாரமும் கூட. விலை குறைவு. ஆங்கில வில்லோ மெதுவானது. பந்து பட்டதும் அமுங்கி மீளும், அதனால் அடி இலகுவாய்ப் போகும். முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் நார்க்கோடுகளை எண்ணிக் காட்டினார். ஒன்பது இருந்தன.

"மகனுக்கு எத்தின வயசு?"

"பதினெட்டு."

"ஆள் எப்பிடி?"

"என்னை விட உயரம்."

ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக்கொடுத்தது. அவர் யோசித்து, உள்ளேயிருந்து வேறொன்றைக் கொண்டுவந்தார். 2 இறாத்தல் 12 அவுன்ஸ். "இந்தக் காலத்துப் பிள்ளையள் இப்பிடித்தான் கேக்காங்க. விளிம்பு தடிப்பு. பட்டாப் போகும்" என்றார். பிறகு, "மகனையும் கூட்டி வந்திருந்தா நல்லம் மாஸ்டர். தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்றும் சொன்னார்.

அவர் சொன்னது சரி. ஒரே நிறையுள்ள இரண்டு துடுப்புகளில் ஒன்று கைக்குப் பாரமாகவும் மற்றது இலேசாகவும் இருக்கலாம். மரத்தின் தடிப்பு அடிநுனிப் பக்கம் கூடினால் தூக்கும்போது பாரம் தெரியும். அதைத் தராசு சொல்லாது. நின்று, குனிந்து, தூக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் மகனுக்குத் துடுப்பு வாங்க வந்த தகப்பன் கடை நடுவில் நின்று அதைச் சுழற்றிப் பார்ப்பானா? அலுமாரியில் சாத்தியிருந்ததை விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, மாதச் சம்பளத்தின் பெரும் பங்கை எண்ணிக் கொடுத்து வாங்கி வந்தேன்.

புதுத் துடுப்பை வாங்கிய உடனே கடினப் பந்துக்குக் கொண்டுபோக முடியாது. அதைப் பதப்படுத்த வேண்டும். முகத்தில் மேலுறை ஒட்டாத துடுப்பென்றால் முதலில் ஆளிவிதை எண்ணெய். ஹாட்வெயார்க் கடையில் லின்சீட் ஒயில் என்று கேட்டால் பச்சையா காய்ச்சியதா என்பார்கள். காய்ச்சியது பெயின்ற் வேலைக்கு. நமக்குப் பச்சை எண்ணெய்தான். மெல்லிய பூச்சாக முகத்திலும் விளிம்பிலும் அடிநுனியிலும் தடவி, கிடையாக வைத்து ஊறவிட வேண்டும். பிடி வந்து பலகையில் ஆப்புப்போலப் பொருந்தும் இடத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது, ஒட்டு விட்டுவிடும். பிறகு மரச் சுத்தியலால் தட்ட வேண்டும். முதலில் மெதுவாக, வரவரப் பலமாக. விளிம்பை நேரே அடிக்காமல் சாய்வாகத் தட்டி உருட்ட வேண்டும். மொத்தம் ஐந்தாறு மணித்தியாலம் வேண்டும், அதையும் ஒரே நாளில் செய்யக்கூடாது. தட்டத் தட்ட மேல் நார் இறுகி, பந்தின் அடியைத் தாங்கப் பழகிக்கொள்ளும்.

இந்த வேலையில் பாதியைச் செய்தது என் கடைசி மகள். எட்டாம் வகுப்பு. அஸருக்குப் பின் நான் வாசலில் துடுப்போடு இருந்தால் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். பத்து நாளில் என்னைவிட அவளுக்குக் காது தெளிந்துவிட்டது. "இந்த இடத்தில இன்னும் பொத்துப்பொத்தெண்டு கேக்குது வாப்பா. இதில கிண்ணெண்டு கேக்குது" என்பாள். சத்தம் மாறும் வரை தட்டுவாள்.

துடுப்பு பழகிவிட்டது. நான்தான் பழகவில்லை.

ஜூன் மாதம் பயிற்சிக்குப் போனேன். பழைய துடுப்பில் எனக்கு முன்காலில் சாய்ந்து நேரே தள்ளும் அடி கண்ணை மூடிக்கொண்டும் வரும். இதில் பந்து என்னைக் கடந்து விக்கெட்டில் பட்ட பின்புதான் துடுப்பு கீழே வந்தது. முதல் நாள் மூன்று தரம் போல்ட். பந்து வீசிய பையன் நான் படிப்பித்தவன். நாலாவது பந்தை வேண்டுமென்றே மெதுவாகப் போட்டான். அதுதான் கூடச் சுட்டது.

துடுப்பைப் பழக்க நான் செய்யாத வித்தையில்லை. இறப்பர் உறையை மாற்றினேன். பிடியில் கையைத் தாழ்த்திப் பிடித்தேன். அப்படிப் பிடித்தால் பாரம் குறைவதுபோல் இருக்கும், ஆனால் எட்டும் தூரமும் குறைந்துவிடும். இரவில் அறைக்குள் நின்று நிழலோடு ஆடினேன். ஒரு வாரத்தில் இடது மணிக்கட்டு வீங்கிக் கரும்பலகையில் எழுத முடியாமல் போயிற்று. அப்போதும் நான் குற்றம் சொன்னது துடுப்பை அல்ல, மணிக்கட்டை.

ஜூலை முதல் வாரத்தில் ஒரு கலியாண வீடு. சாப்பிட்டு முடித்து மனைவியும் கடைசி மகளும் நானும் வாசலில் முச்சக்கர வண்டிக்காக நிற்கிறோம். உள்ளே வந்த கடைக்காரர் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மகன் எப்பிடி மாஸ்டர்? பெட் கைக்கு வந்திட்டா?"

என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. வண்டியில் ஒருவரும் பேசவில்லை.

பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவி கேட்டாள். சத்தம் போடவில்லை. "மூணு பிள்ளையும் கிடைச்ச நேரம் ஊர்ச் சனம் என்னைக் கேட்ட கேள்வி உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நீங்கதான் எனக்காகப் பேசினீங்க. இப்ப நீங்களே கடையில போய் இல்லாத ஒரு மகனைச் சொல்லியிருக்கீங்க."

மகன் வேண்டுமென்று நான் சொல்லவில்லை, வயதைச் சொல்லத்தான் வெட்கப்பட்டேன் என்றேன். உண்மை அதுதான். அவள் என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தாள். "அதை எனக்குச் சொல்லலாம். புள்ளைக்கு என்னெண்டு சொல்லப்போறீங்க? அவள் பக்கத்திலதானே நிண்டவள்" என்றாள்.

மறுநாள் அஸருக்குப் பின் துடுப்போடு வாசலில் இருந்தேன். மகள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மரச் சுத்தியல் அலுமாரிக்கு மேல் கிடந்தது. வகுப்பில் ஒரு பிள்ளை பொய் சொன்னால், ஏன் சொன்னாய் என்று கேட்டு, ஒத்துக்கொள்ளும் வரை விடாதவன் நான். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முன் அதைச் செய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டி. எங்கள் பெண்கள் இந்தியாவை எட்டு விக்கெட்டுகளால் வென்றார்கள். சமரி அத்தபத்து 61, ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69. மகள் நிலத்தில் குந்தியிருந்து பார்த்தாள், நான் பின்னால் கதிரையில். வெற்றி ஓட்டம் எடுத்ததும் அவள் துள்ளி எழுந்து என் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"மகள், அந்தக் கடையில வாப்பா பொய் சொன்ன. எனக்கெண்டு சொல்ல வெக்கமா இருந்திச்சி."

"அது எனக்குத் தெரியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த பெட் உங்களுக்குப் பாரம் வாப்பா. தட்டும்போதே எனக்குத் தெரியும்" என்றாள்.

1771இல் இங்கிலாந்தில் வைட் என்றொருவர் விக்கெட் அளவு அகலமான துடுப்போடு ஆட வந்தாராம். அந்தச் சங்கதிக்குப் பிறகுதான் அகலம் 4.25 அங்குலத்தைத் தாண்டக்கூடாதென்று விதி வந்தது. நீளம் 38 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். 2017 ஒக்டோபரிலிருந்து விளிம்புக்கு 40 மில்லிமீற்றர், தடிப்புக்கு 67 மில்லிமீற்றர் என்று எல்லை வைத்தார்கள். பாரத்துக்கு மட்டும் இன்றுவரை விதியில்லை. சச்சின் டெண்டுல்கர் மூன்று இறாத்தலளவு துடுப்பால் ஆடினார் என்பார்கள். அது அவர் கை. பாரத்தின் எல்லையை அவரவரே சொல்லிக்கொள்ள வேண்டும். நான் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பையனைச் சொல்லிவிட்டேன்.

ஓகஸ்ட் மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன்.

"எனக்குத்தான் பெட் வேணும். அண்டைக்கும் எனக்குத்தான் வாங்கின. எனக்கு மகன் இல்லை, இவ என்ட கடைசி மகள்" என்றேன். கடைக்குள் இன்னும் நாலு பேர் நின்றார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்று துடுப்புகளை எடுத்து வந்தார். "இடது கையால மட்டும் தூக்குங்க. தோள் மட்டத்துக்குக் கொண்டு வாங்க. முழங்கை நடுங்குதா எண்டு பாருங்க." முதலாவதில் நடுங்கியது. இரண்டாவதில் கொஞ்சம். மூன்றாவது எழுந்து வந்தது. 2 இறாத்தல் 8 அவுன்ஸ். நான்கு அவுன்ஸ் வித்தியாசம் என்றால் 113 கிராம். ஒரு சிறிய தேயிலைப் பக்கற்றின் பாரம். அவ்வளவுக்குத்தான் இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன்.

கடை நடுவில் நின்று, குனிந்து, காலைத் தட்டி, வராத பந்து ஒன்றை நேரே தள்ளினேன். மகள் சுத்தியலை வாங்கித் துடுப்பின் முகத்தில் மூன்று இடத்தில் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். கடைக்காரர் அவளைப் பார்த்தார்.

"மகள் விளையாடுறயா?"

"ஓம்" என்றாள்.

வீட்டுப் பின்வளவில் மதிலைப் பார்த்துத் தனியாக அடிப்பாள் என்பது எனக்குத் தெரியும். கடையில் நாலு பேர் கேட்க அதைச் சொல்வாள் என்பது தெரியாது. அவளுடைய உயரத்துக்கேற்ற மென்பந்துத் துடுப்பொன்றும் அன்று எங்களோடு வீட்டுக்கு வந்தது.

பாரமான துடுப்பை எனக்குப் பந்து வீசிய அந்தப் பையனே மூன்று தவணையில் காசு தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டான். அவன் கையில் அது நன்றாகத்தான் பேசுகிறது. செப்டெம்பரில் நடந்த போட்டியில் அதனாலேயே எங்களுடைய பந்துகளை வயலுக்குள் அனுப்பினான். நான் 19 ஓட்டங்கள் எடுத்தேன். அதில் இரண்டு நான்கு ஓட்டங்கள், ஒன்று முன்காலில் சாய்ந்து நேரே தள்ளியது. பிறகு இலேசான பிடியொன்று கொடுத்து வெளியே வந்தேன். மணிக்கட்டு வலிக்கவில்லை.

வீட்டில் மனைவி ஓட்டங்களைக் கேட்டாள், சொன்னேன். "மகனுக்கு இதை விடக் கூட வந்திருக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்த பிறகுதான் எனக்கும் சிரிப்பு வந்தது.

2025ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பெயர் கேட்டுப் படிவம் வந்தபோது, பெயருக்குப் பக்கத்தில் வயதுக்கென்று ஒரு நிரல் இருந்தது. சிவப்புப் பேனைதான் கையிலிருந்தது. 46 என்று எழுதினேன்.