ஈகாரம் ஏறிய பகரம்

ஒன்பதாம் வகுப்பில் தமிழம்மா இடக்கரடக்கல் நடத்திய நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நாலு பேர் நடுவில் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் மூடிச் சொல்வது என்று விளக்கிவிட்டு, கரும்பலகையில் 'கால் கழுவி வந்தாள்' என்று எழுதினார். முதல் பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அதோடு வகுப்பு முழுக்கப் பற்றிக்கொண்டது.

தமிழம்மா அதட்டவில்லை. சிரிப்பு அடங்கும்வரை சாக்பீஸைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றவர், அடுத்துத் தொல்காப்பியரைக் கொண்டுவந்தார். பசுஞ்சாணத்துக்கு இருந்த ஒரு பழைய சொல் எப்படிப் புணரும் என்று அவர் விதி சொல்லியாக வேண்டும். சொல்லை நேராகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஆவுக்குப் பின்னால் வருகிற, ஈகாரம் ஏறிய பகரம் என்று எழுத்துக்கு அடையாளம் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். "எங்க, நீங்களே கூட்டிப் பாருங்க" என்றார் தமிழம்மா. கூட்டினோம். ஒவ்வொருத்தியாகப் பிடிபடப் பிடிபடச் சிரிப்பு பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. இந்தத் தடவை தமிழம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

கழிப்பறைச் சிரிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன் என்று பின்னாளில் தோன்றியது. சொல்பவர் மூடித் தருகிறார். கேட்பவள் தன் மனசுக்குள் எழுத்துக்கூட்டித் திறக்கிறாள். அந்தச் சொல் தன்னிடமும் இருக்கிறது என்று தெரிகிற நொடியில் சிரிப்பு வந்துவிடுகிறது. யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. எல்லோருக்கும் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் வெளிப்படுகிறது.

மூடும் சொற்களுக்கு நம்மிடம் குறைவே இல்லை. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, வெளிக்கு, கொல்லைக்கு, ஒதுங்க. டச்சுக்காரர் வழியாக வந்த கக்கூஸ் என்ற சொல் பல தலைமுறைக்கு உழைத்தது. அதிலும் வாடை ஏறிவிட்டதாக நினைத்து லெட்ரின் என்றார்கள். பிறகு பாத்ரூம், டாய்லெட், இப்போது ரெஸ்ட்ரூம். எந்தப் போர்வையைப் போர்த்தினாலும் கொஞ்ச காலத்தில் அதுவும் உள்ளே இருப்பதன் பெயராகவே ஆகிவிடுகிறது.

அதே பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பாதி நாள் தண்ணீர் வராது. காலையில் வீட்டில் காப்பி குடித்ததோடு சரி, சாயங்காலம் திரும்பும்வரை தண்ணீர் குடிக்காமல் இருக்க எங்களில் பலர் பழகியிருந்தோம். மாதத்தில் அந்த நாட்கள் வந்தால் லீவு. இத்தனை பேரில் ஒருத்திகூட இதைத் தலைமையாசிரியையிடம் போய்ச் சொன்னதில்லை. சொல்லப் போனால் எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது? இடக்கரடக்கல் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாங்கள். மூடக் கற்றிருந்தோம். திறந்து கேட்க எங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது.

ஆனால் பரீட்சை லீவுக்கு ஆச்சி ஊருக்குப் போனால் உலகம் வேறு. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம். எந்த வீட்டிலும் கழிப்பறை இல்லை. விடிவதற்கு முன்னால் பெரியம்மை வந்து காலைத் தட்டுவாள். "ஏட்டி, எந்திரி. வெளிச்சம் வந்துரும்." தெருவில் ஏழெட்டுப் பெண்கள் செம்போடு காத்திருப்பார்கள். ரோட்டோரத்து உடைமரக் காட்டுக்கு எல்லோரும் சேர்ந்து நடப்போம். பகல் முழுக்கத் தலை நிமிராமல் புழங்குகிற பெண்கள் அந்த இருட்டில் பேசிய பேச்சும் சிரித்த சிரிப்பும் வேறு எங்கேயும் நான் கேட்டதில்லை. மாமியாரின் வயிற்றுச் சத்தம், மாப்பிள்ளை விருந்தில் மாட்டிக்கொண்ட புது மாப்பிள்ளையின் அவஸ்தை, பஞ்சாயத்தில் மீசை முறுக்கியவர் கம்மாக்கரையில் ஓடிய ஓட்டம் எல்லாம் அங்கே வரும். நடுவில் ரோட்டில் லாரி வெளிச்சம் திரும்பினால் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நிற்பார்கள். லாரி போகும்வரை மூச்சுச் சத்தம் இருக்காது. போன பிறகு யாராவது ஒருத்தி டிரைவரைத் திட்டுவாள். மறுபடியும் சிரிப்பு.

சின்ன வயதில் அது எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. பாம்புக்கும் லாரி வெளிச்சத்துக்கும் ஆள் நடமாட்டத்துக்கும் பயந்து கூட்டமாகப் போனார்கள் என்பதும், இருட்டும்வரையும் விடியும்வரையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள் என்பதும் பிறகுதான் புரிந்தது. அந்தச் சிரிப்பு பொய்யில்லை. பயத்துக்கு நடுவில் அவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட ஒரே வெளி அது.

தெனாலிராமன் கதையைப் பெரியம்மை அங்கேதான் சொன்னாள். ராசாவுக்கு ஆண்பிள்ளை பிறக்கிறது. ஊரே கொண்டாடுகிறது. "நீ எவ்வளவு சந்தோசப்படுறே?" என்று ராசா ராமனைக் கேட்கிறார். "வெளிக்குப் போய்ட்டு வந்தா ஒரு சொகம் இருக்கும்லா, அந்த அளவுக்கு ராசா" என்கிறான். ராசாவுக்கு வந்ததே கோபம். ராமன் பேசாமல் இருந்துவிடுகிறான். கொஞ்ச நாள் கழித்து ராசாவை ஆற்றில் படகேற்றி உலாவுக்குக் கூட்டிப்போகிறான். நன்றாகச் சாப்பாடும் போடுகிறான். நடு ஆற்றில் ராசாவுக்கு வயிறு கலக்குகிறது. கரையேறு என்கிறார். அந்தக் கரையில் முதலை என்கிறான். இந்தக் கரையில் முள் என்கிறான். ராசாவின் முகம் வேர்த்து, குரல் இறங்கி, கிரீடம் சாய்ந்து, கடைசியில் படகு கரையைத் தொட்டதும் அவர் விழுந்தடித்து ஓடித் திரும்பி வருகிறார். "ராசா, இப்ப எப்பிடி இருக்கு?" "பிள்ளை பொறந்தப்பகூட இப்பிடி இல்லடா ராமா." வடக்கே இதே கதை பீர்பல் பெயரில் நடமாடுகிறது. எங்கள் பெரியம்மை சொல்கையில், ராசா வயிற்றைப் பிடித்துக்கொள்கிற கட்டம் மட்டும் கால்மணி நேரம் நீளும். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பெண்களுக்கும் அந்த வேதனையின் ஒவ்வொரு படியும் தெரியும். ராசா ஒரு நாள் பட்டதை அவர்கள் தினமும் பட்டார்கள்.

அரிஸ்டோபனிசின் நாடகங்களைப் பிற்பாடு படித்தபோது எனக்கு அந்த உடைமரக் காடுதான் கண்ணில் வந்தது. கிறிஸ்துவுக்கு நானூறு ஆண்டுக்கு முந்தைய ஏதென்ஸ் நாடகாசிரியர். 'மேகங்கள்' நாடகத்தில் இடி எப்படி உண்டாகிறது என்பதை, திருவிழாவில் வயிறு முட்டக் குடித்த கஞ்சி குடலில் போடும் சத்தத்தை வைத்து சாக்ரடீஸ் விளக்குகிறார். என்னை உலுக்கியது இன்னொரு நாடகம். பெண்கள் ஆண்வேடம் போட்டு விடியுமுன்னே மக்கள் மன்றத்துக்குப் போய், ஆட்சியைத் தங்கள் கைக்கு மாற்றும் தீர்மானத்தை நிறைவேற்றுகிறார்கள். தலைவியின் கணவன் பிளெப்பைரஸ் அதே இருட்டில் வயிறு முட்டி விழிக்கிறான். அவனுடைய உடுப்பையும் செருப்பையும் அவள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். வேறு வழியில்லாமல் மனைவியின் உடையைச் சுற்றிக்கொண்டு, ஆள் பார்க்காத இடம் தேடி வெளியே வருகிறான். வந்தும் வேலை நடக்கவில்லை, மலச்சிக்கல். முக்கிக்கொண்டு குந்தியிருக்கிறான். அங்கே நகரத்தின் ஆட்சியே கை மாறிக்கொண்டிருக்கிறது.

இது இழிந்த நகைச்சுவை, நாடகத்தில் ஒட்டாமல் நிற்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. இருட்டில் பயந்து பயந்து இடம் தேடுகிற பாடு என்றைக்கும் பெண்ணுக்கு உரியது என்றிருக்க, அதை ஓர் ஆண் குடிமகனுக்கு, அதுவும் பெண்ணின் உடையில் கொடுத்திருக்கிறார். நாடகம் முழுவதும் சொல்ல வந்த தலைகீழ் மாற்றம் அந்த ஒரு காட்சியிலேயே நடந்துவிடுகிறது.

பிரான்சில் ஜோசப் புஜோல் என்றொருவர் இருந்தார். 1857இல் மார்செய் நகரில் பிறந்து, ரொட்டிக்கடை வைத்திருந்தவர். பின்வழியாகக் காற்றை உள்ளே இழுத்து, விரும்பியபடி ஒலியாக வெளிவிடும் திறன் அவருக்கு வாய்த்திருந்தது. 1892இல் பாரிஸின் மூலான் ரூஜ் அரங்கில் ஏறினார். சிவப்புக் கோட்டும் வெள்ளைக் கையுறையுமாக, பெரிய இடத்து விருந்தாளி போல வந்து நின்று வணங்கிவிட்டுத் தொடங்குவார். மெழுகுவர்த்தியை அணைப்பார், ரப்பர் குழாய் வைத்து ஊதுகுழல் வாசிப்பார். முதல் உலகப் போர் வந்ததும் மேடையை விட்டுவிட்டு ரொட்டி சுடத் திரும்பிவிட்டார். அந்த வெள்ளைக் கையுறையும் தெனாலிராமன் ராசாவின் கிரீடமும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மரியாதையின் உச்சியில் இருப்பவனுக்கும் குடல் உண்டு.

நம் சினிமாவுக்கு வருகிறேன். மோரில் பேதி மாத்திரை கலக்கும் காட்சி தமிழ்ப் படங்களில் எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ண முடியாது. அதிகாரம் பண்ணுகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினால் நான் இன்றும் வாய்விட்டுச் சிரிக்கிறேன். ஆனால் வண்டி தள்ளுகிறவரையும் சாக்கடையில் இறங்குகிறவரையும் மூக்கைப் பிடித்துக் காட்டிச் சிரிக்கச் சொன்னால் என்னால் முடியாது. அங்கே சிரிப்பவனுக்குக் குடலே இல்லாதது போலவும், எல்லா அழுக்கும் அள்ளுகிறவருடையது போலவும் ஆகிவிடுகிறது. கழிப்பறைச் சிரிப்பு தன் வேரையே வெட்டிக்கொள்ளும் இடம் அது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 2013இல் இரண்டாவது முறையாகச் சட்டம் வந்த பிறகும் சாவுகள் நிற்கவில்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017இல் பார்த்தபோது, அந்தத் தொழிலாளிகளின் முகங்களுக்கு முன்னால் பழைய காமெடிக் காட்சிகள் பல எனக்குச் செத்துப்போயின. மறுபடி உயிர் பெறவில்லை.

அதற்கு ஓராண்டு முன்னால் ராஜுமுருகனின் 'ஜோக்கர்' வந்தது. கழிப்பறை உள்ள வீட்டில் வாழ வேண்டும் என்பது ஒரு பெண்ணின் ஆசை. அரசுத் திட்டத்தில் வரும் கழிப்பறை ஊழலில் அரைகுறையாக நிற்கிறது. அது இடிந்து அவள் நினைவிழந்து கிடக்க, கணவன் தன்னை ஜனாதிபதி என்று அறிவித்துக்கொண்டு நியாயம் கேட்கிறான். அவன் கோமாளித்தனத்துக்குச் சிரித்துக்கொண்டே இருந்த தியேட்டர், காரணம் தெரிந்ததும் அமைதியானது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதி திறந்தவெளிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கும் ஓர் உடைமரக் காடு இருந்திருக்கலாம்.

ஆச்சி வீட்டில் கழிப்பறை கட்டியபோது அவளுக்கு எழுபது தாண்டியிருந்தது. வீட்டுக்குள்ளேயா என்று முதலில் முகம் சுளித்தாள். அப்புறம் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அலைந்தாள். கடைசி நாலு மாதம் அந்தக் கழிப்பறைவரை நடக்கவும் அவளால் முடியவில்லை. பெரியம்மைதான் எல்லாம் செய்தாள். நான் போயிருந்த ஒரு மத்தியானம், துணி மாற்றும்போது ஆச்சி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "ஒனக்கு நான் இதையெல்லாம் அள்ளிப் போட்டேன். ஒன்னைய அள்ள வச்சிட்டனே" என்றாள். பெரியம்மை பதில் சொல்லவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே, "ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. அவருக்கு ஆம்பளப்பிள்ள பொறந்துச்சு" என்று ஆரம்பித்தாள். ஆச்சி அசையவில்லை. பெரியம்மை படகை ஆற்றில் இறக்கினாள். ராசாவுக்குச் சாப்பாடு போட்டாள். முதலையைக் கொண்டுவந்தாள். முள்ளைக் கொண்டுவந்தாள். புதுச் சேலையைச் சுற்றிவிட்டு, "ராசா, இப்ப எப்பிடி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிறுத்தினாள்.

சுவரைப் பார்த்தபடியே இருந்த ஆச்சியின் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"சொகமா இருக்குடா ராமா" என்றாள் ஆச்சி.