பேரம் பேசிப் பார்க்க வேண்டிய நகரம்

நம் ஊரிலிருந்து பாங்காக் போகும் சுற்றுலாக் குழுக்களின் நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ஊர் சுற்றிப் பார்க்க ஒரு நாள், ஷாப்பிங்குக்கு ஒரு நாள். முதல் நாளில் அரண்மனை, மரகத புத்தர், வாட் போவின் சயன புத்தர், ஆற்றுக்கு அக்கரையில் வாட் அருண். இரண்டாம் நாளில் பிரதுநாம் துணிச் சந்தை, எம்பிகே, சியாம் பாரகன். ஊர் திரும்பியதும் குழு இரண்டு கட்சியாகப் பிரியும். “ஊரைப் பார்க்காமல் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டு வந்துவிட்டார்கள்” என்பது ஒரு கட்சி. “கோயில் நம்ம ஊரில் இல்லாததா? நாலு சட்டை வாங்கினாலாவது நாலு பேருக்குக் கொடுக்கலாம்” என்பது மறுகட்சி. இவர்கள் எவ்வளவு முட்டிக்கொண்டாலும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: பார்ப்பது வேறு, வாங்குவது வேறு. எனக்கு உடன்பாடு இல்லாதது அந்த இடத்தில்தான். பாங்காக் வணிகத்தில் பிறந்து வணிகத்தால் வளர்ந்த நகரம். அங்கே கடைத்தெருவை விட்டுவிட்டுக் கோயிலை மட்டும் பார்த்தவர் கோயிலையும் பாதிதான் பார்த்திருக்கிறார். கோயிலைத் தவிர்த்துவிட்டுக் கடைக்கு மட்டும் போனவருக்கும் அதே நிலைதான்.

இதற்கு முதல் சாட்சி அந்தக் கோயில்களே. சாவ் பிரயா ஆற்றங்கரையில் நிற்கும் வாட் அருணின் கோபுரத்தைத் தூரத்திலிருந்து படம் எடுப்பவர்கள் அதிகம். அருகில் போய்ப் பார்த்தால் கோபுரம் முழுக்கப் பூவும் கொடியுமாக ஒட்டியிருப்பவை சீனப் பீங்கான் துண்டுகள் என்று தெரியும். சீனத்திலிருந்து வந்த கப்பல்களில் அடிப்பாரமாகக் கொண்டுவரப்பட்ட பீங்கான் அது என்பார்கள். வாட் போவின் வாயில்களில் காவல் நிற்கும் கல் வீரர்களின் கதையும் இதேதான். சியாமின் சரக்கை ஏற்றிக்கொண்டு சீனம் போன மரக்கலங்கள், திரும்பும் வழியில் அலையில் தள்ளாடாமல் இருக்க அந்தச் சிலைகளைச் சுமந்து வந்தன. இந்தக் கோயில்களைப் பெரிதாக எழுப்பிய மூன்றாம் ராமா, 1824-இல் முடிசூடுவதற்கு முன் துறைமுகத் துறையைக் கவனித்தவர். தம் சொந்தக் கணக்கிலும் சீனத்தோடு வணிகம் நடத்தியவர். பெரு வணிகர் என்று தந்தையே அவரை வேடிக்கையாக அழைத்ததாகச் சொல்வார்கள். வணிக லாபத்தைச் சிவப்புத் துணிப் பைகளில் கட்டி அவர் சேமித்துவைத்த பணம்தான் 1893-இல் பிரெஞ்சுக்காரர்களுக்கு இழப்பீடு கட்ட உதவியது என்று தாய்லாந்து மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். 46 மீட்டர் நீளமுள்ள சயன புத்தரின் முன் நின்று வியப்பவர், அந்தப் பொன் எங்கிருந்து வந்தது என்று ஒரு கணம் யோசித்தால் துறைமுகத்துக்கும் சந்தைக்கும்தான் போய்ச் சேர வேண்டும்.

நகரத்தின் வரைபடமும் அதையே சொல்கிறது. 1782-இல் முதலாம் ராமா ஆற்றின் கிழக்குக் கரையில் தலைநகரை அமைத்தபோது, இன்று அரண்மனை இருக்கும் இடத்தில் சீன வணிகர்கள் குடியிருந்தார்கள். அவர்களைத் தெற்கே சற்றுத் தள்ளிக் குடியேறச் சொன்னார்கள். அப்படி உருவானதுதான் சம்பெங் சந்து. ஆக, அரண்மனையும் சந்தையும் ஒரே ஆண்டில், ஒரே முடிவில் பிறந்தவை. சம்பெங்கின் ஒரு முனையில் பாஹுரட். அங்கே துணி விற்கும் இந்தியர்களின் கடைகளுக்கு நடுவே சீக்கிய குருத்வாராவின் பொற்கூரை எழுந்து நிற்கிறது. சீலோம் சாலையில் மாரியம்மன் கோயிலை நிறுவியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிழைப்புக்காக அங்கே போன தமிழர்கள். இன்று அந்தச் சந்நிதியில் மாலையும் தேங்காயுமாக நிற்பவர்களில் தாய்லாந்துக்காரர்களே மிகுதி. நவராத்திரி ஊர்வலத்துக்குச் சாலையே நிரம்பி வழியும். வந்தவன் முதலில் கடை போட்டான், கால் ஊன்றியதும் கோயில் கட்டினான், பிறகு உள்ளூர்க்காரன் அந்தக் கோயிலைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். பாங்காக்கின் பல பேட்டைகளின் வரலாறு இந்த மூன்று படிகளில் அடங்கிவிடும்.

பழைய நகருக்கு இது சரி, கண்ணாடி மாளிகைகள் எழும்பிய புதிய நகருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். சியாம் பாரகனுக்கும் சென்ட்ரல்வேர்ல்டுக்கும் இடையே, மேலே ரயில் ஓடும் தடத்தின் ஓரத்தில், நான்காம் ராமா 1857-இல் கட்டிய வாட் பதும் வனாராம் இருக்கிறது. பைகளைச் சுமந்தபடி ஒரு மாலிலிருந்து மறு மாலுக்கு நடப்பவர்கள் அதன் மதிலை ஒட்டித்தான் போகிறார்கள். சற்றுத் தள்ளி ராட்சபிரசோங் சந்திப்பில் நான்முகப் பிரம்மாவின் எரவான் சந்நிதி. நம் ஊரில் தனிக் கோயில் அரிதாகவே கிடைக்கும் பிரம்மாவுக்கு அங்கே விடிந்ததிலிருந்து கூட்டம். அந்தச் சந்நிதி வைக்கப்பட்டதே 1956-இல், ஓர் ஓட்டல் கட்டுமானத்தில் அடுத்தடுத்து நேர்ந்த தடங்கல்களைத் தீர்க்கத்தான். நேர்த்திக்கடனுக்குப் பணம் கட்டினால் நடனப் பெண்கள் ஆடித் தருவார்கள். இதைப் பக்தி விலைபோனதன் அடையாளம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் வாட் போவின் வளாகத்துக்குள்ளேயே மருத்துவக் கல்வெட்டுகளும் கட்டணம் வாங்கும் மசாஜ் மண்டபமும் இருக்கின்றன; தா பிரா சான் படித்துறைப் பக்கம் போனால், பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு தாயத்துப் படிமங்களை ஆராய்ந்து விலை பேசும் பிக்குகளையே காணலாம். பணத்தைத் தீட்டாகக் கருதுவது நம்மில் ஒரு சாராரின் மனப்பழக்கம். அதை அந்த ஊரின் மீது ஏற்றிப் பார்த்தால் அங்கே நடப்பது எதுவும் விளங்காது.

தமிழர் பலரும் தவறவிடும் ஓர் இடம் இதை இன்னும் தெளிவாக்கும். வாட் சுதத் கோயிலின் எதிரே, செவ்வண்ணம் பூசிய இரண்டு உயரமான தேக்குத் தூண்கள் நிற்கின்றன. 1784-இல் முதலாம் ராமா நிறுவிய பெரிய ஊஞ்சல் அது. சிவனை வரவேற்கும் மார்கழிச் சடங்கின் பகுதியாக அதில் ஆடினார்கள். ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டது. அந்தச் சடங்கில் அரசவைப் பிராமணர்கள் ஓதுவது நம் திருவெம்பாவையின் திரிந்த வடிவம். ஊஞ்சலைப் படமெடுத்துவிட்டு வண்டி ஏறினால் ஒரு பழைய ஞாபகச் சின்னத்தைப் பார்த்ததோடு சரி. அதை ஒட்டிய பம்ருங் முயாங் சாலையில் காலாற நடந்தால் அந்த ஊரின் சமயம் இன்று எப்படி நடக்கிறது என்று தெரியும். ஆளுயரப் புத்தர் சிலைகள் கண்ணாடித் தாள் சுற்றிய நிலையில் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பிக்குகளுக்குத் தானம் கொடுப்பதற்கென்றே சோப்பு, பற்பசை, தேயிலை, மெழுகுவர்த்தி, மருந்து எல்லாம் அடுக்கிய மஞ்சள் வாளிகள் குவிந்திருக்கும். நடந்து போகும் தூரத்தில் பான் பாட் என்ற குடியிருப்பு இருக்கிறது. எட்டுத் தகடுகளைச் சேர்த்துச் சுத்தியலால் அடித்துத் திருவோடு செய்யும் குடும்பங்கள் சில அங்கே எஞ்சியிருக்கின்றன. பெரும்பாலான பிக்குகள் தொழிற்சாலைத் திருவோட்டுக்கு மாறிவிட்ட பிறகு அந்தச் சுத்தியல் ஓசை நிற்காமலிருக்க வெளியூர்க்காரர் கொடுக்கும் காசும் ஒரு காரணம். அங்கே பார்த்துவிட்டு மட்டும் போகிறவரைவிட ஒன்றை வாங்கிப் போகிறவரால்தான் அந்தத் தொழிலுக்கு நன்மை.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு எல்லோரும் அறிந்ததே. பிரதுநாமிலும் சம்பெங்கிலும் கிடைப்பதெல்லாம் சீனத்துச் சரக்கு. அதையே பர்மா பஜாரிலும் சௌகார்பேட்டையிலும் வாங்கலாமே, அதில் பாங்காக் எங்கே இருக்கிறது? சரக்கைப் பற்றிய செய்தி பெருமளவு உண்மை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. சம்பெங் தோன்றிய நாள் முதல் சீனத்துச் சரக்கைத்தான் விற்கிறது. அன்று பட்டும் பீங்கானும், இன்று கிளிப்பும் பொம்மையும். பாங்காக் கடையில் சீனப் பொருளைக் கண்டு ஏமாறுகிறவர், வாட் அருண் கோபுரத்தைக் கண்டும் ஏமாற வேண்டியதுதான். அங்கே கவனிக்க வேண்டியது பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைவிட அது எப்படிக் கைமாறுகிறது என்பதை. மூன்று எடுத்தால் மொத்த விலை என்ற கணக்கு, கால்குலேட்டரில் தொகையைத் தட்டி நம் பக்கம் நீட்டும் வழக்கம், குரல் உயராமல் சிரித்த முகத்தோடு நடக்கும் பேரம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத சந்தில் தள்ளுவண்டி வழி கேட்டுக்கொண்டு நுழைகிற லாவகம். இதெல்லாம் அந்த ஊரின் நடத்தை. அருங்காட்சியகத்தில் இதற்குக் கண்ணாடிப் பெட்டி கிடையாது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. சுற்றுலாப் பயணிக்காகவே நடக்கும் சந்தை நாடக மேடையாகிவிடுகிறதே? ஆகிறது. பாங்காக்கிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், 1860-களில் வெட்டிய கால்வாயில் இருக்கிறது தம்னோன் சதுவாக் மிதக்கும் சந்தை. ஒரு காலத்தில் தோட்டக்காரர்கள் காயும் கனியும் மாற்றிக்கொண்ட இடம். இன்று அங்கே போகும் படகுகளில் வாங்க வருபவரைவிடப் படமெடுக்க வருபவர் அதிகம். 2018-இல் திறந்த ஐகான்சியாம் மாலில் அந்த மிதக்கும் சந்தையையே கட்டடத்துக்குள் குளிரூட்டி வைத்துவிட்டார்கள். ஆனால் இந்த உதாரணம் என் வாதத்துக்குத்தான் துணை நிற்கிறது. தம்னோன் சதுவாக் உயிரிழந்தது அங்கே வாங்கல் கூடியதால் இல்லை. உள்ளூர்க்காரர் வாங்குவது குறைந்து, பார்ப்பது மட்டும் கூடியதால். சாலையும் லாரியும் வந்தபின் கால்வாய்ச் சந்தையின் தேவை போய்விட்டது, காட்சி மட்டும் தங்கிவிட்டது. இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. எந்தக் கடையில் உள்ளூர்க்காரர் தம் வீட்டுக்கு வாங்குகிறாரோ அங்கே நாமும் வரிசையில் நிற்கலாம். ஒவ்வொரு மாகாணத்திலும் சந்தை வேண்டும் என்ற 1948-ஆம் ஆண்டுக் கொள்கையில் தொடங்கி, 1982-இல் இப்போதைய இடத்துக்கு வந்த சட்டுச்சக் வாரச்சந்தை இந்த அளவுகோலில் தேறிவிடுகிறது. அங்கே வெளிநாட்டவர் கூட்டம் எவ்வளவு இருந்தாலும், செடி வாங்கவும் பழைய சட்டை தேடவும் நகரவாசிகளும் வருகிறார்கள்.

மூன்றாவது மறுப்பில் அறத்தின் குரல் இருக்கிறது: வாங்குவது பேராசை, பார்ப்பது குற்றமற்றது, சந்தை ஊரைக் கெடுக்கும், காட்சி ஊரைக் காக்கும். பாங்காக்கின் அண்மைக்கால வரலாறு இதற்கு நேர்மாறான பாடத்தையும் வைத்திருக்கிறது. மஹாகான் கோட்டை மதிலை ஒட்டிப் பழைய மரவீடுகளில் ஒரு சிறு சமூகம் வாழ்ந்து வந்தது. பழைய நகரை அழகுபடுத்தும் திட்டத்தில் அந்த இடத்தைப் பூங்காவாக்க நகராட்சி முனைந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் போராடிய பின் 2018-இல் கடைசிக் குடும்பங்களும் வெளியேறின. இப்போது கோட்டையும் புல்வெளியும் பார்வைக்குத் துப்புரவாக இருக்கின்றன. பாக் குளோங் தலாட் பூச்சந்தையின் நடைபாதைக் கடைகளை 2016-இல் அகற்றியதும் ஒழுங்கின் பெயரால்தான். காட்சிக்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் பயணி இல்லை என்பதால் நம் கணக்கில் வருவதில்லை. ஏமாற்றைப் பற்றியும் ஒன்று சொல்லலாம். பாங்காக்கின் புகழ்பெற்ற மோசடி துணிச் சந்தையில் நடப்பதில்லை. “இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு புத்தரைக் காட்டுகிறேன்” என்று மதிலோரத்தில் அணுகும் கண்ணியமான மனிதர், துக்துக்கில் ஏற்றிக் கடைசியில் ரத்தினக் கடை வாசலில் இறக்கிவிடுவார். அந்த வலையில் சிக்குகிறவர், பெரும்பாலும், கடைக்குப் போக விரும்பாமல் காட்சிக்காக வந்தவர். விலை விசாரிக்கப் பழகியவரை அவ்வளவு எளிதில் ஏற்றிவிட முடியாது.

ஷாப்பிங் கட்சியை முழுக்க விடுவிப்பதும் இதன் நோக்கமில்லை. எல்லாம் விற்பனைக்கு என்று நினைப்பது மறுகோடித் தவறு. புத்தர் உருவம் அலங்காரப் பொருள் இல்லை என்று பயணிகளுக்கு அறிவுறுத்தும் விளம்பரப் பலகைகள் அந்த நகரில் உண்டு. சிலையை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கலைத் துறையின் அனுமதி வேண்டும். வரவேற்பறைக்கு ஒரு புத்தர் தலை வாங்க நினைப்பவர், பம்ருங் முயாங்கில் அதே உருவத்தை வாங்க வந்த குடும்பம் அதை எவ்வளவு பணிவோடு தூக்கிச் செல்கிறது என்று பார்த்தாலே போதும். ஷாப்பிங்காரர்மீது வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு, அவர் வாங்கினார் என்பதில்லை. வாங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார் என்பது. மைத்துனிக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஆறு என்ற பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுபவருக்கு எதிரே நிற்கும் விற்பனையாளரின் முகம்கூடத் தெரியாது. நுழைவுச் சீட்டுக்கு 500 பாட் கொடுத்து அரண்மனைக்குள் போய், கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் அதே வேகத்தில் ஓடுபவருக்கும் சுவரோவியம் தெரிவதில்லை. இரண்டு பேர் கையிலும் இருப்பது பட்டியல்தான்.

எனவே பயணத் திட்டம் போடுகிறவர்களுக்குச் சொல்லக்கூடியது எளிது. நாளைப் பிரிக்காமல் பேட்டையைப் பிரிக்கலாம். வாட் சுதத், பெரிய ஊஞ்சல், சிலைக் கடைகள், திருவோட்டுக் குடியிருப்பு ஒரு காலைக்குப் போதும். வாட் அருணின் பீங்கானை அருகில் பார்த்துவிட்டு, படகில் இக்கரை வந்து சம்பெங்கிலும் பாஹுரட்டிலும் நடந்தால் ஒரே கதையின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் கிடைத்துவிடும். பிரதுநாமில் துணி எடுத்தவர் எரவானில் ஒரு நிமிடம் நின்று, பணம் கட்டி நடனம் கேட்பவர் முகத்தைப் பார்க்கலாம். செலவும் நேரமும் பெரிதாகக் கூடாது. பாங்காக் தன் செல்வத்தையும் பக்தியையும் தனித்தனிப் பெட்டியில் வைத்ததில்லை; நாம் மட்டும் பிரித்துவைத்துப் பார்த்துவிட்டு, அந்த ஊரில் கடைகளைத் தவிர ஒன்றுமில்லை என்றோ கோயில்களைத் தவிர ஒன்றுமில்லை என்றோ சொல்வது நம் திட்டத்தின் குறையே தவிர, ஊரின் குறையில்லை.