பெட்டி இல்லாத சரக்கு

ஒரே பொருளுக்கு இரண்டு விலை என்பது தூத்துக்குடிக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. அளத்தில் அம்பாரமாகக் குவிந்திருக்கும் உப்புக்கு ஒரு விலை. அதே உப்பு அரைபட்டு, அயோடின் சேர்ந்து, வர்ணப் பாக்கெட்டுக்குள் புகுந்து கடைக்கு வந்துவிட்டால் வேறு விலை. முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் இப்படித்தான். கரை சேர்ந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாளிகளுக்கு. சர்க்கார் பங்கை ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலம் போடுவார்கள். குளியாளிகள் தங்கள் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்றுவிடுவார்கள். மொத்தமாக எடுத்த செட்டியாருக்கும், நாலைந்து சிப்பி வாங்கிய கூலிக்காரருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியாது. 1961-ல் நடந்த குளிப்போடு அந்தச் சந்தை ஓய்ந்தது.

அந்த இரட்டை விலை இப்போது கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருக்கிறது. அதன் நுட்பத்தை எனக்குக் கற்றுக் கொடுத்தவள் எங்கள் தெரு உப்பளக் கணக்கப்பிள்ளையின் மகள். பி.காம். முடித்தவள். வீட்டு முன்னறையில் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், பிரிண்ட் என்று சிறிதாக ஒரு தொழில் தொடங்கத் துணிந்தாள். அம்மாவின் வளையல் இரண்டும் அடகுக்குப் போயிருந்தன. “நீங்களும் கூட வாங்க மாமா” என்று என்னையும் அழைத்துப் போனாள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை இன்னும் சில நல்ல குடும்பங்களில் இருக்கத்தான் செய்கிறது.

கடைக்காரத் தம்பி எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: “பிராசஸர் பாக்ஸ் பீஸா, ட்ரே பீஸா? விண்டோஸ் ஓ.இ.எம்.மா, ரீட்டெய்லா?”

ஓ.இ.எம். என்பது கம்ப்யூட்டர் செய்து விற்கிறவர்களுக்கென்று கம்பெனிகள் கொடுக்கும் சரக்கு. தட்டு தட்டாக அடுக்கி வரும். அழகான அட்டைப் பெட்டி கிடையாது. ரீட்டெய்ல் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு. இன்டெல் பிராசஸரைப் பெட்டியோடு வாங்கினால் மூன்று வருஷ வாரண்டியைக் கம்பெனியே தருகிறது. பெரும்பாலும் விசிறியும் உடன் வரும். தட்டிலிருந்து எடுத்ததற்கு விற்றவர்தான் பொறுப்பு. ஹார்ட் டிஸ்க்கும் அப்படியே. ஓ.இ.எம். டிஸ்க் கெட்டால், “உங்களுக்கு யார் விற்றார்களோ அவர்களைக் கேளுங்கள்” என்று கம்பெனி கையை விரித்துவிடும்.

“ரெண்டும் ஒரே சாமான்தானே மாமா? அட்டைக்கா இவ்வளவு காசு?” என்றாள்.

நல்ல கேள்வி. சாமான் ஒன்றுதான். கெட்டுப் போனால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதில்தான் வித்தியாசம்.

விண்டோஸ் விஷயம் இன்னும் வேடிக்கை. ரீட்டெய்லாக வாங்கினால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். ஓ.இ.எம். லைசென்ஸ் அப்படியல்ல, முதலில் எந்த இயந்திரத்தில் ஏறியதோ, அதோடு அதற்கு விதி முடிந்தது. பழுதான மதர்போர்டை மாற்றினால் பாதகமில்லை. ஆனால் அதே மாதிரியோ, செய்தவர் ஈடாகத் தரும் மாதிரியோ வேண்டும். நாமாக வேறொரு போர்டை மாற்றிக்கொண்டால், மைக்ரோசாப்ட் கணக்கில் அது புதிய கம்ப்யூட்டர். ஜெர்மனியில் இதை எதிர்த்து வழக்காடியிருக்கிறார்கள். ஓ.இ.எம். பிரதியை இயந்திரம் இல்லாமல் தனியாக விற்பதைப் பதிப்புரிமையைக் காட்டித் தடுக்க முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லிவிட்டது. அது ஜெர்மனிக்கு. இங்கே நாம் உப்புக் காற்றோடு வழக்காட வேண்டியிருக்கிறது.

ஆம், உப்புக் காற்று! ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று மதர்போர்டை மட்டும் விட்டுவிடுமா? எங்கள் தெரு ஜெராக்ஸ் கடையில் கழற்றிப் போட்டிருந்த போர்டைப் பார்த்தேன். செப்பு இருந்த இடமெல்லாம் பச்சைப் பாசி பிடித்த மாதிரி இருந்தது. நாலைந்து வருஷம் கழித்து அதே மாதிரி போர்டுக்கு எங்கே போவது? மதுரையில் இருப்பவருக்கு ஓ.இ.எம். சிக்கனமாக இருக்கலாம், கடற்கரையில் முன்னறைக் கடை வைப்பவளுக்கு அந்தச் சிக்கனம் எத்தனை நாளைக்கு?

இன்னொன்றும் உண்டு. கடையில் பாகம் பாகமாகப் பூட்டித் தரும் கம்ப்யூட்டருக்கு “உற்பத்தியாளர்” யார்? பூட்டிக் கொடுத்த அந்தத் தம்பிதான்! ஓ.இ.எம். விண்டோஸுக்கு உதவி செய்ய வேண்டிய பொறுப்பும் அவருடையதே. அடுத்த ஆடிக்குள் அந்தக் கடை மொபைல் கடையாகிவிட்டால் உற்பத்தியாளரைத் தேடி எங்கே போவது?

இதற்காக எல்லோரும் பெட்டிச் சரக்கே வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய கம்பெனி லேப்டாப்பில் விண்டோஸ் ஏறியே வருகிறது. அதற்குமேல் ரீட்டெய்ல் வாங்குவது வீண் செலவு. துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சிகள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை இயந்திரத்தையே மாற்றுவதானால் அவர்களுக்கு ஓ.இ.எம். போதும். இணையத்தில் 300 ரூபாய்க்குக் ‘கீ’ விற்கிறார்களே, அது எந்தக் கணக்கிலும் சேராது. யாருக்கோ கொடுத்த மொத்த லைசென்ஸை நறுக்கி விற்பது அதில் நிறைய. இன்று வேலை செய்யும். என்றைக்கு நிற்கும் என்று விற்றவனுக்கே தெரியாது.

அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். ஒரு விண்ணப்பத்துக்கு 30 ரூபாய் என்று வைத்து, விலை வித்தியாசத்தை விண்ணப்பங்களாக மாற்றிக் கணக்குப் போட்டாள். அப்பாவின் ரத்தம் அல்லவா! பிராசஸர் எளிதில் கெடாது, ட்ரே பீஸே போதும் என்று தீர்த்தாள். ஹார்ட் டிஸ்க் மட்டும் பெட்டியோடு, கம்பெனி வாரண்டியோடு வேண்டும். ஊர் ஜனங்களின் சான்றிதழெல்லாம் அதில்தான் இருக்கப் போகிறது. விண்டோஸ் ரீட்டெய்ல். மானிட்டரைச் சிறியதாக்கிச் செலவைச் சரிக்கட்டினாள்.

“பில் வேண்டாம்னா இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கலாம் அண்ணாச்சி” என்று தம்பி என்னிடம் மெல்லச் சொன்னார். அவள் காதில் அது விழுந்துவிட்டது. பில் கேட்டதோடு, ஒவ்வொரு சாமானின் சீரியல் நம்பரையும் அதில் எழுதச் சொன்னாள். ட்ரே பீஸுக்கு அந்தக் காகிதம்தானே வாரண்டி! “இதெல்லாம் யாரும் கேக்கிறதில்லீங்க” என்று அவர் முனகினார். “நான் கேக்கேன் அண்ணே” என்று நின்றாள். எழுதி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அதற்குள் எனக்கு இரண்டு காபி வந்தது.

இப்போது அந்தக் கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டு முன்னறையில், கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் இருக்கிறது. ஜன்னலை ஆணி அடித்து மூடிவிட்டார் கணக்கப்பிள்ளை. காற்று வரவில்லை என்று பாட்டிதான் தினமும் சண்டை போடுகிறாள்.