கொஞ்சம் திரியை இறக்கு

வகுப்பில் தூங்கி விழும் பிள்ளையைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். நானும் லயத்து வீட்டில் பிறந்து, படித்து ஆசிரியையானவள். 'நம் பிள்ளைகள் தூங்கினால் நமக்கு எப்போது விடியும்?' என்ற ஆதங்கமே அந்தக் கோபத்துக்குக் காரணம். ஆனால் ஒருநாள் அது விழக் கூடாத இடத்தில் விழுந்து விட்டது.

ஆறாம் ஆண்டில் படிக்கும் சிறுமி அவள், கெட்டிக்காரி. இரண்டு வாரமாக, கைப்பேசிக்கு நான் அனுப்பும் பயிற்சிகளைச் செய்யாமல் வந்தாள். கேட்டால் தலையைக் குனிந்து கொண்டாள். "நாடகம் பார்க்க மட்டும் கைப்பேசி இருக்குமோ?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்து கொண்டேன். அவள் அழவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

அன்று மாலை அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான் வீடு. தகப்பனார் பால்மரம் வெட்டுகிறவர்.

"போன் ஒன்னுதான் டீச்சர்," என்றார் அம்மா. "பகல்ல இவரு கொண்டு போயிடுவாரு. ராத்திரிதான் பிள்ளை கைக்கு வரும். இவரு நாலு மணிக்கு எந்திரிக்கணும். பக்கத்துல அந்த வெளிச்சம் எரிஞ்சா தூக்கம் வரலைன்னு வாங்கி அலமாரி மேல வச்சிட்டாரு."

தகப்பனார் தயங்கித் தயங்கிப் பேசினார். "படிக்க வேணாம்னு சொல்லல டீச்சர். தூக்கம் கெட்டுப் போய் கத்தியைப் பிடிச்சா, வெட்டு ஆழமாயிடுது. மரத்துல காயம் விழுது. மண்டோர் ஏசுறாரு."

"வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் குறைச்சிட்டேன் டீச்சர். அதுக்கு மேல குறையல," என்றாள் சிறுமி.

எனக்குப் பேச்சு வரவில்லை.

என் சிறு வயதில் எங்கள் தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு மின்சார இயந்திரத்தை நிறுத்தி விடுவார்கள். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். "கொஞ்சம் திரியை இறக்கும்மா, அப்பா தூங்கட்டும்," என்பார் அம்மா. பக்கவாட்டிலுள்ள சின்னச் சக்கரத்தைத் திருகுவேன். எழுத்து மட்டும் தெரியும். அப்பாவின் முகத்தில் நிழல் விழும். அந்தப் பழைய விளக்குக்குத் தெரிந்த மரியாதை, கையடக்கக் கணினியான இந்தக் கைப்பேசிக்குத் தெரியாமலா போகும்?

அன்றிரவு என் அறை விளக்கை அணைத்து விட்டுச் சோதித்துப் பார்த்தேன். பகலில் மங்கலாகத் தெரியும் ஆகக் குறைந்த வெளிச்சம், இருட்டில் டார்ச் லைட்டைப் போலக் கண்ணில் குத்தியது. இருட்டில் நம் கண்ணின் பாவை விரிகிறது. கண் இருளுக்கு நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். பழகிய கண்ணுக்குச் சிறு வெளிச்சமும் பெரிதுதான். அதோடு, இரவில் கண்ணில் படும் வெளிச்சம், தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் என்ற சுரப்பைக் குறைத்து விடுகிறது.

தேடியதில் வழி கிடைத்தது. 2021-இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல் 'எக்ஸ்ட்ரா டிம்' என்ற வசதி பல கைப்பேசிகளில் இருக்கிறது. செட்டிங்ஸ் போய், அக்செஸிபிலிட்டி என்ற பகுதியில் தேடினால் கிடைக்கும். ஐபோனில் அதே அக்செஸிபிலிட்டியில், 'டிஸ்பிளே அண்ட் டெக்ஸ்ட் சைஸ்' என்பதற்குள் 'ரெட்யூஸ் வைட் பாயிண்ட்' என்று இருக்கும். எவ்வளவு மங்க வேண்டும் என்பதையும் விரலால் தள்ளி வைக்கலாம். இது படத்திலுள்ள வெண்மையையே மங்க வைக்கும் ஏற்பாடு. ஆகவே, பின்னால் விளக்கு எரியும் எல்.சி.டி. திரைகளில் பேட்டரி மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பள்ளித் திடலில் என் கைப்பேசியை எடுத்தால் திரை ஒரே கறுப்பு! கெட்டு விட்டதென்று பதறி, மாலையில் பட்டணத்துக் கடைக்குக் கொண்டு போனேன். கடைத் தம்பி அதை மேசைக்கு அடியில் நிழலில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "கெட்டுப் போகல டீச்சர். நீங்கதான் இருட்டாக்கி வச்சிருக்கீங்க!" இரவில் இறக்கியதைக் காலையில் ஏற்ற மறக்கக் கூடாது. மறந்து விட்டால், இருட்டான மூலைக்குக் கொண்டு போனால் திரை தெரியும்.

அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போய், சிறுமியின் கையாலேயே அந்த வசதியைப் போட வைத்தேன். திரையின் பின்னணியையும் கறுப்பாக்கி, எழுத்தைப் பெரிதாக்கினோம். கூடத்து விளக்கை அணைத்து விட்டுத் தகப்பனாரைப் படுக்கச் சொன்னேன். அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, "இப்ப எரியுதா இல்லையா?" என்று கேட்டார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அலமாரி மேலிருந்த கைப்பேசி மறுபடியும் பிள்ளையின் கைக்கு வந்தது, ஒன்பதரை மணி வரை மட்டும் என்ற கட்டளையோடு. அதுவும் நியாயந்தான். மங்கிய வெளிச்சம் தூக்கத்துக்கு ஈடாகாது. வளரும் பிள்ளை நேரத்தோடு படுக்க வேண்டும்.

ஆனால் கணக்கு அதோடு தீரவில்லை. ஒரே கைப்பேசி, ஒரே அறை, நாலு மணிக்கு எழும் தகப்பன். இவற்றையெல்லாம் விசாரிக்காமல் பயிற்சியை அனுப்பியது யார்? நான்தானே? லயத்தில் பிறந்தவள், லயத்தை மறந்து விட்டேன். இப்போது அதே பயிற்சிகளைத் தாளில் அச்சிட்டும் கொடுக்கிறேன். வேண்டியவர்கள் பகல் வெளிச்சத்திலேயே செய்து வரலாம்.

எல்லார் முன்னிலையிலும் ஏசிய பிள்ளையிடம் தனியாக வருத்தம் தெரிவித்தால் போதுமா? வகுப்பிலேயே எழுந்து நின்று, "நான் விசாரிக்காமல் ஏசி விட்டேன், தப்பு என்னுடையது," என்றேன். பிள்ளைகள் திகைத்துப் பார்த்தார்கள். அன்று ஏசியபோது அழாத சிறுமி, அப்போதுதான் அழுதாள்.

பெற்றோர்களே, பிள்ளையின் கையில் வெளிச்சத்தைக் கண்டதும் பிடுங்கி விடாதீர்கள். முதலில் திரியை இறக்கிப் பாருங்கள். கோபத்துக்கும் ஒரு திரி உண்டு என்று எனக்கு நானே சொல்லிக் கொள்கிறேன்.