மூன்று விரல்

'ஹங்கர் கேம்ஸ்' வரிசையின் இரண்டாம் படமான 'கேட்சிங் ஃபயர்' (2013) பார்க்கும்போது மகள் பக்கத்தில் நாவலோடு உட்கார்ந்தாள். "புக்குல இப்படி இல்லப்பா" என்று சொல்வதற்கு.

சூசன் காலின்ஸின் நாவலில் காட்னிஸ் 'நான்' என்று தன் கதையைச் சொல்கிறாள். சினிமாவில் அந்த 'நான்' கிடையாது, முகம்தான். கேரி ராஸின் முதல் படத்தில் (2012) கேமரா ஆடிய ஆட்டத்தில் எனக்குத் தலை சுற்றியது. இதை இயக்கியவர் ஃப்ரான்சிஸ் லாரன்ஸ். கேமரா ஒரு இடத்தில் நிற்கிறது, பிழைத்தேன். கடைசி ஷாட்டில் ஜெனிஃபர் லாரன்ஸ் (இவருக்கு உறவில்லை) வசனமே இல்லாமல் துக்கத்திலிருந்து கோபத்துக்குப் போகிறார். முதல் படத்தைவிட நிச்சயம் மேல்.

மகளுக்குக் குறை. காட்டில் சந்திக்கும் பானி, ட்வில் இருவரையும் காணோம். வாட்ச்சில் தெரிந்து மறையும் பறவையும் போச்சு. "146 நிமிஷத்துல எவ்வளவும்மா காட்ட முடியும்?" என்றேன்.

ஒரு கிழவர் சீட்டியடித்து மூன்று விரலை உயர்த்துகிறார். சுட்டுவிடுகிறார்கள். மகள் புத்தகத்தைப் புரட்டவில்லை.

2014-ல் தாய்லாந்தில் ராணுவ ஆட்சியை எதிர்த்து இதே மூன்று விரலைக் காட்டிய மாணவர்களை நிஜமாகவே பிடித்துக்கொண்டு போனார்கள் என்றேன்.

"நீ அங்க இருந்தா கையைத் தூக்கியிருப்பியாப்பா?"

காபி போடுகிறேன் என்று எழுந்து போனேன்.