பழைய சைக்கிளுக்குப் புதுப் பல்!

கடலூரில் பண்ருட்டி பஸ் ஏறி ஜன்னலோர சீட் பிடித்துவிட்டால் போதும், மூக்கே வழி சொல்லிவிடும். அரவை சீசனில் கரும்புப் பாகு வாசனை வந்தால் நெல்லிக்குப்பம். பாரி சர்க்கரை ஆலை. அது அடங்கியதும் மேல்பட்டாம்பாக்கம். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் பலாப்பழ வாசனையோடு பண்ருட்டி. அங்கே பஸ் மாறினால் நெய்வேலி. பழுப்பு நிலக்கரிக்கு என்ன வாசனை என்று நெய்வேலிக்காரரைக் கேட்டால், "சம்பள வாசனை சார்!" என்பார்.

நாம் மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கியது ஒரு சைக்கிளைப் பார்க்க.

நண்பர் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நின்றது அந்த ஹெர்குலிஸ். 28 இன்ச் சக்கரம், கம்பி பிரேக், தோல் சீட்டு, டைனமோ. பக்கத்தில் நண்பரின் மகளுக்குப் பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள். தாத்தாவும் பேத்தியும் குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி!

1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் அம்பத்தூர் தயாரிப்பு. நண்பரின் அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. அந்தச் சுரங்க வேலையை 1957 மே 20-ல் நேரு தொடங்கி வைத்தார். நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்ட்டில். அப்புறம் வட்டம் வட்டமாக டவுன்ஷிப். குவார்ட்டர்ஸிலிருந்து ஷிப்ட்டுக்குப் போக, மார்க்கெட்டுக்குப் போக, மகனை முன்பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் போக... எல்லாம் இதே ஹெர்குலிஸ்தான். ரிட்டயரானதும் அப்பாவோடு சொந்த ஊருக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டது.

இப்போது பிரச்னை, இதை என்ன செய்வது? குடும்ப மகாநாடு கூடியது.

"பார் மட்டும் இருக்கட்டும். மத்ததெல்லாம் கடாசிட்டு, புது பார்ட்ஸ் போட்டு, பளபளன்னு பெயிண்ட் அடிச்சு ஹால்ல நிறுத்தப் போறேன்" என்றார் நண்பர்.

"ஹால்ல ஏற்கெனவே ஓடாத டிரெட்மில் ஒண்ணு நிக்குது" என்றார் அவர் மனைவி.

"பேரீச்சம்பழத்துக்குப் போடுடா!" இது அம்மா.

எண்பதைத் தாண்டிய அப்பா வாயே திறக்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் வந்தார். ஸ்பானரால் பாரைத் தட்டினார். குனிந்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகத் துடைத்துப் பார்த்தார். "பார் கட்டியா இருக்கு தம்பி. கீறல் இல்ல, போர்க்கும் வளையல. இது ரெண்டும் போயிருந்தா, விட்டுடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்" என்றார்.

பிறகு லிஸ்ட் போட்டார். டயர், டியூப், பிரேக் கட்டை, பால்ஸ், காட்டர் பின். செயினையும் ப்ரீவீலையும் சேர்த்தே மாற்றணுமாம்; தேய்ந்த ப்ரீவீலில் புதுச் செயின் போட்டால் பல்லில் உட்காமல் தாவும். ரிம்மில் மேலாகப் பிடித்த துரு தேய்த்தால் போய்விடும். ஸ்போக் துளையைச் சுற்றித் தின்றிருந்தால் மாற்றித்தான் ஆகணும். 26 இன்ச் டயர் இதற்கு உதவாது. நல்லவேளை, பால்காரர், கீரைக்காரர் புண்ணியத்தில் 28 இன்ச் இன்னும் கடையில் கிடைக்கிறது.

"பெயிண்ட்?" என்றார் நண்பர்.

அங்கேதான் சிக்கல். செயின் கவரில் அப்பா பெயரும் வட்டம் நம்பரும், போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் கைப்பட எழுதியது, பாதி அழிந்து நிற்கிறது. முன்பாரில் ஓரிடத்தில் மட்டும் கறுப்பு தேய்ந்து இரும்பு தெரிகிறது. மகன் உட்கார்ந்த இடம்! பெயிண்ட் அடித்தால் இரண்டும் காலி.

அப்பா அப்போதுதான் பேசினார்.

"இதுக்கு எத்தனை டயர், எத்தனை செயின் மாத்தினேன்னு கணக்கே இல்ல. ரிம்மே ரெண்டு தடவை மாத்தியாச்சு. ஆனா இது பழசா, புதுசான்னு ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வரலை. டூட்டிக்கு லேட்டாயிடுமோன்னுதான் பயம்! சுரங்கத்துல பக்கெட் வீல் எந்திரம் இருக்கே, அதோட பல்லை மணற்பாறை தின்னுடும். பல்லை மாத்திக்கிட்டே இருப்போம். அதுக்காக எந்திரத்தையா தூக்கிப் போட்டோம்?"

"அப்போ எவ்வளவு நாள்தான்பா மாத்தறது?"

"எல்லாத்துக்கும் ஒரு நாள் உண்டுடா. 1962-ல கரண்ட் குடுக்க ஆரம்பிச்ச முதல் அனல்மின் நிலையத்தையே ரிப்பேர் பண்ணிப் பண்ணி ஓட்டி, 2020-ல மூடிட்டாங்க. பார் உடையற அன்னிக்கு இதையும் பேரீச்சம்பழத்துக்குப் போடு. அதுவரைக்கும் ஓடட்டும்."

தீர்ப்பு ஆகிவிட்டது. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு தாத்தா சைக்கிள் தூங்கினால், இந்தத் தீர்ப்பு உங்களுக்கும் பொருந்தும். ஓடி ஓடித் தேய்ந்ததை மாற்றுங்கள். கை பட்டுத் தேய்ந்ததை விட்டுவிடுங்கள். இங்கிலாந்திலிருந்து வந்த ராலே மாதிரி சமாசாரமாக இருந்தால், கழற்றிய பாகம் எதையும் கடையிலேயே விட்டுவிடாதீர்கள். கோணிப்பையில் கட்டி வையுங்கள். புது பார்ட்ஸ் எப்போதும் கிடைக்கும். கழற்றிப் போட்ட பழசு திரும்ப வராது!

மேல்பட்டாம்பாக்கம் ஹெர்குலிஸ் இப்போது புது டயர், புதுச் செயின், பழைய கறுப்பு, பாதி அழிந்த பெயரோடு தயார். நண்பர் ஆசைப்பட்ட மாதிரி ஹாலில் நிறுத்த முடியவில்லை.

காலையில் தேடினால் சைக்கிளும் இருப்பதில்லை, அப்பாவும் இருப்பதில்லை!